ஃபைல் அக்கா தவறவிட்ட ஒரு மணி நேரம்

விமானப் பயிற்சிக் கழகத்தில் எல்லோருக்கும் அவள் ஃபைல் அக்காதான். எழுத்துத் தேர்வை உள்நாட்டில் எழுதிவிட்டு, பறக்க வேண்டிய மணி நேரத்தைப் பக்கத்து நாட்டில் சேர்த்துக்கொண்டு, கடைசிச் சோதனைக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு மருத்துவச் சான்றிலிருந்து விசா வரை ஏற்பாடு செய்வது அவள் வேலை. பதினோரு வருடத்தில் அவள் அனுப்பிய ஒரு ஃபைல்கூட உரிம அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. இதை அவளாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது கேட்கும்படி பேச்சைக் கொண்டுபோய் விடுவாள், அவ்வளவுதான்.

இத்தனை பேரைப் பறக்கவிட்டவள் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. கேட்டால், "எல்லாரும் மேல போயிட்டா கீழ பேப்பர யார் பாக்கறது?" என்பாள்.

அந்த வருடம் சேர்ந்தவர்களில் ஒருத்தி லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்து நான்கு வயது. பழுதாகி நின்ற லிஃப்டுகளின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தே ஒன்பது தாளிலும் தேறியிருந்தாள். அந்தத் தேர்ச்சி இரண்டு வருடம்தான் செல்லும். உரிம அலுவலகம் ஃபைலை ஏற்றால்தான் பறக்கும் சோதனை. அதை முடிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் ஒன்பது தாளும் மறுபடி முதலிலிருந்து.

அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை காலையில் உரிம அதிகாரி போன் செய்தார். "என்ன மேடம், உங்க ஆளு ஒரே நேரத்துல ரெண்டு விமானம் ஓட்டியிருக்காங்களே?"

ஃபைல் அக்கா தன்னிடமிருந்த நகலை எடுத்தாள். பறந்த நேரப் பட்டியலைப் பிரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் பக்கத்து நாட்டு ஆசிரியருடன் எல்லை தாண்டி வந்து இங்கே இறங்கியது பத்து பத்துக்கு. இங்கிருந்து வேறு விமானத்தில் தனியாகக் கிளம்பியது ஒன்பது நாற்பதுக்கு. கிளம்பிய நேரம் இங்கேயே குறித்தது. இறங்கிய நேரத்தை அந்த ஆசிரியர் தம் ஊர்க் கணக்கில் எழுதித் தருவார். ஒரு மணியைக் கழித்து, உலகப் பொது நேரமாக மாற்றிப் பட்டியல் போடுவது அக்காவின் பொறுப்பு. அதற்காகவே மேசைக்கு எதிரே இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தாள், அந்த நாட்டு நேரத்துக்கு ஒன்று, பொது நேரத்துக்கு ஒன்று. அண்ணாந்து பார்த்தவளுக்கு, இரண்டுக்கும் இடையில் இப்போது இரண்டு மணி இருப்பதைக் கண்டதும் சுரீரென்று உறைத்தது. அந்த நாட்டில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிய ஞாயிறு அது. இரண்டு கழிக்க வேண்டிய இடத்தில் ஒன்றைத்தான் கழித்திருந்தாள்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்துப் பதிவேட்டின் நகலோடு அதிகாரி முன் போய் நின்றாள். இறங்கிய நேரம் ஒன்பது பத்து என்று அதில் பளிச்சென்று இருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். "அந்த நாட்டு வாத்தியார் தப்பா எழுதிட்டார்னு ஒரு வரி போட்டுக் குடுங்க. ஃபைலைத் திருப்ப வேண்டாம், உங்க பேரும் கெடாது."

சபலம் தட்டத்தான் செய்தது. அந்த ஆசிரியர் எங்கேயோ இருக்கிறார், வந்து கேட்கவா போகிறார்? ஆனால் மெக்கானிக் பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கீழே இருப்பது அவர் கையெழுத்து. அதில் கரி பூச அக்காவுக்கு மனம் வரவில்லை.

"அவர் சரியாத்தான் எழுதினார் சார். தப்பு என்னோடது. அப்படியே எழுதித் தரேன், ஃபைலைத் திருப்புங்க."

'திருப்பி அனுப்பப்படுகிறது' என்ற முத்திரை முதல்முறையாக அவள் ஃபைலில் விழுந்தது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தே அந்த வரியைத் திருத்தினாள். பிறகு திருத்திய பட்டியலை வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும்போதே நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் தேறிவிட்டாள். ஓடுபாதை ஓரத்தில் நின்ற ஃபைல் அக்கா, தன் வயிற்றில் பிறந்தவள் தேறியதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உரிமம் கைக்கு வந்த வாரம் மெக்கானிக் அவள் மேசை முன் நின்றாள். "கிளம்புங்கக்கா. முதல்ல உங்களத்தான் ஏத்திட்டுப் போகணும்."

"பேப்பரெல்லாம் கிடக்கே."

"ஓடியா போகும்?"

போனாள். மேலே இருந்த அரைமணியும் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்தபடி, உரிம அலுவலகத்தின் கூரை எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் மெக்கானிக், பறந்த நேரம் எழுதிவைக்கும் லாக்புக்கைத் திறந்தாள். "நேரம் நீங்க சொல்லுங்க. உங்களக் கேக்காம எழுத மாட்டேன்."

ஃபைல் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். விரல்விட்டு இரண்டு தடவை கழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மெக்கானிக் அதை எழுதி, குறிப்புக் கட்டத்தில் 'முதல் பயணி' என்று போட்டு, பக்கத்தில் அக்காவின் பெயரையும் எழுதினாள். ஆயிரம் லாக்புக் புரட்டியிருப்பாள் அக்கா. தன் பெயரை ஒன்றில் பார்ப்பது அன்றுதான்.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று ஃபைலுக்கு, ஒன்று வீட்டுக்கு.