மலையேறிப் பார்த்துவிட்டு வந்த ஹமீது நானா

காலையில் தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றதும் கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "மாஸ்டர், துணிக்கடை ஹமீது நானா மவுத்தாயிட்டாராம்." பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, அதே பஸ்ஸில் கஹவத்தையிலுள்ள சாவு வீட்டுக்குப் போனேன்.

அம்பு விடும் இடத்துக்குப் பொறுப்பாக விசிலோடு நின்ற அவரிடம் ஏச்சு வாங்காதவர் நம் வில்வித்தைச் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஒருமுறை தோட்டத்துத் துரையின் விருந்தாளி, மற்றவர்கள் நாணை இழுத்து நிற்கும்போதே தன் அம்பைப் பொறுக்க முன்னால் நடந்தார். நானா ஊதிய விசிலில் எல்லா வில்லும் தாழ்ந்தது. அந்த மனிதரின் வில்லை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "துரைட விருந்தாளி எண்டா அம்பு விலகிப் போகுமா?" என்று கேட்டார். துரையின் முகம் கறுத்தது. நானாவா அசைவார்! அன்று முழுக்க வில்லைக் கொடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்குப் பதிலாக, பிறைக் கணக்கில் வரும் போயா நாளே வார லீவாக இருந்த காலம் அது. மானாப்புல் கட்டிய நம் இலக்குகளுக்குப் பின்னால் தேயிலை மலை என்பதால், வேலையில்லாத போயா நாளில்தான் அம்பு விடுவோம். அப்போதும் நானா இலக்குவரை நடந்து, மலையைப் பார்த்துத் தமிழிலும் சிங்களத்திலும் கத்துவார்: "யாரும் ஈக்கிறாங்களா? கவுத இன்னே?" நாங்கள் சிரிப்போம். "அம்புக்குக் காது இல்ல மாஸ்டர், நில்லுண்டா நிக்காது" என்பார்.

இரத்தினபுரிக் குழு போட்டிக்கு வந்த போயாவன்று தூறல். நானா வழக்கம்போலக் கத்தினார். பதில் இல்லை. முதல் அம்பு என்னுடையது. நாணில் வைக்கக் காத்திருந்தேன். வந்தவர்களின் தலைவர் பொறுமையிழந்து, "லீவு நாள்ல மலையில பேயா இருக்கு? பஸ் போயிரும், விடச் சொல்லுங்க" என்றார்.

"பதில் வரல்ல. நான் பாத்துட்டு வாறன். அது வரைக்கும் வில்லைத் தொடப்படாது" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி மலையேறினார்.

கொழுந்து அதிகமாக இருந்ததால், அன்று விடிந்த பிறகு திடீரென்று கைக்காசு வேலை போட்டிருந்தார்கள். லீவு நாளில் விரும்பியவர்கள் பறித்து, அன்றே கூலி வாங்கும் வேலை. மலைக்கு அந்தப் பக்கம்தான் வேலை. கீழே இருந்த எங்கள் ஒருவருக்கும் தெரியாது. நல்ல கொழுந்தைத் தேடி ஒருத்தி மட்டும் இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறாள். இலக்குக்கு நேர் மேலே, மழைக்குத் தலையோடு படங்குச் சாக்குப் போர்த்திக் குனிந்திருந்தாள். நானா தொட்டதும் நிமிர்ந்தாள்.

என் அம்மா.

நான் இலக்குவரை ஓடிவிட்டேன். அம்மாவோ, "நல்ல கொழுந்துங்க நானா, இன்னும் ரெண்டு வரிச பறிச்சிட்டு வாறேனே" என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறாள்! கூடையைத் தானே தூக்கிக்கொண்டு அவளை இறக்கிக் கூட்டிவந்தார். என்னிடம், "இப்ப விடுங்க மாஸ்டர்" என்றார், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து வீடு வந்து சொன்னதும் அம்மா அழுதாள். "அந்த மனுசன் கத்துனது எனக்குக் கேக்கவே இல்லடா. கத்துனதோட நின்னிருந்தா?"

நானாவின் விசில் அவர் பேரனிடம் இருக்கட்டும். அந்த மலையேற்றத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கி வரும்வரை யாரும் வில்லைத் தொடக் கூடாது.