சூசையப்பர் தலையில் ஒரு வாஷர்

சென்ற மாதம் ஓசூரில் என் காரின் இன்ஜினைத் திறந்தார்கள். வண்டியின் வேகத்துக்குத் தக்கபடி வால்வுகள் திறக்கும் நேரத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தித் தரும் பல்சக்கரம் ஒன்று அதற்குள் உண்டு. சக்கரத்தின் வயிற்றில் சிறு அறைகள். அவற்றில் ஏறி இறங்கும் எண்ணெய்தான் அதை நகர்த்துகிறது. எண்ணெயைத் திறந்துவிடும் மின்வால்வில் கசடு அடைத்து, சக்கரம் ஒரே பக்கமாகச் சிக்கிக்கொண்டுவிட்டது. எண்ணெய் மாற்றவேண்டிய கெடுவை நான் தவறவிட்டதுதான் காரணம். முப்பத்திரண்டு ஆண்டுகள் உதிரிபாகத் தொழிற்சாலையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குச் செய்முறை எழுதியவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

வால்வையும் சக்கரத்தையும் மாற்றிய மெக்கானிக், சக்கரத்தைப் பிடித்திருந்த பழைய போல்ட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரித்தார்.

"பழசு நல்லாத்தானே இருக்கு?" என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"ஒருவாட்டி இறுக்குனா நீண்டுக்கும் மேடம். மறுபடி போடக்கூடாது" என்றார் தலையைத் தூக்காமலே.

மூடும் முன் தட்டில் மிச்சமிருந்ததை எண்ணினார். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். யாரும் பார்க்காவிட்டாலும் இதையெல்லாம் செய்கிறவர்களை என் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் விரல் அத்தைக்கு.

ஒன்பது வயதில் நான் கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். அத்தை ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். மாமா வாடகைக் கார் ஓட்டினார். வண்டியைக் கன்னடத்தில் திட்டுவார், தெலுங்கில் கெஞ்சுவார், இரண்டும் பலிக்காதபோது தமிழில் ஜெபம் செய்வார்.

அந்த டிசம்பரில் இன்ஜினுக்குள் டைமிங் செயின் தொய்ந்து சலசலத்தது. அந்தக் கால இன்ஜினில் வால்வு நேரம் முன்பின் நகராது; செயின் வைத்ததே சட்டம். மாமா பெங்களூர் போய்ப் புதுச் செயினும், பல்சக்கரத்து நட்டுக்கு ஒரு புது வாஷரும் வாங்கிவந்தார். வாஷருக்குச் சின்ன நாக்கு உண்டு. நட்டை இறுக்கியபின் அந்த நாக்கை மடக்கிவிட்டால் நட்டு கழலாது. கழன்றால் சக்கரமும் கழலும், ஓடுகிற இன்ஜின் உள்ளுக்குள் நொறுங்கும். மறுநாள் விடியற்காலை நாகரசம்பட்டிப் பெரியவர் ஒருவரைக் கண் ஆபரேஷனுக்குப் பெங்களூர் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, முன்னறையில் நான் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்துமஸ் குடில். அதில் பாதி ஆஸ்பத்திரிச் சரக்கு: பனிக்குப் பஞ்சு, நட்சத்திரத்துக்குப் பழைய எக்ஸ்ரே. மாதாவுக்கும் பாலனுக்கும் ஒளிவட்டம் இருந்தது. மாதாவின் கணவர் சூசையப்பருடையது போன வருடமே உடைந்துவிட்டது. வாசலில், இன்ஜின் சாமான்களைப் போட்டுவைக்க மாமாவுக்கு அத்தை கொடுத்த எனாமல் தட்டில், பளபளவென்று ஒரு வளையம் கிடந்தது. மைதாப் பசையால் ஒட்டினேன். நாக்கைப் பின்பக்கம் மறைத்ததும் அவருக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

தட்டைக் கொடுத்தபோதே அத்தை ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தியேட்டரில் வயிற்றைத் தைக்கும் முன் பஞ்சை எண்ணுவதுபோல, மூடும் முன் எண்ணவேண்டும். பிற்பகலில் டூட்டி முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"எண்ணியாச்சா?"

"ஒரு வாஷர் கொறையுது. உருண்டு எங்கியாவது போயிருக்கும். அது இல்லாமயே இறுக்கிக்கலாம் வுடு."

"மூடாதீங்க."

"இது இஞ்சினு, வவுறு இல்ல. ஒண்ணு கொறஞ்சா செத்தா பூடும்?"

"வவுத்துல வுட்டா ஒரு ஆளுதான் சாவும். இதுல அஞ்சு பேரு ஏறுவாங்க."

மாமா கன்னடத்துக்கு மாறினார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ பாத்தியா?"

"இல்ல அத்த."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு விரல்களைப் பார்த்தார். பசை அதற்குள் காய்ந்து தோலாய் உரிந்துகொண்டிருந்தது.

"செரி, கார்டு எடுத்துக்கினு போயி சர்க்கரை வாங்கிக்கினு வா" என்றார்.

ரேஷன் கடை வரிசை ஒரு மணி நேரம் பிடித்தது. திரும்பி வந்தபோது இன்ஜின் மூடியிருந்தது. மாமா இரும்புக் கைப்பிடியைச் செருகி நிதானமாக இரண்டு சுற்று சுற்றினார். பிறகு ஸ்டார்ட் செய்தார். சலசலப்பு இல்லை. "கேளு, பட்டு மாதிரி!" என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தார். நான் முன்னறைக்கு ஓடினேன். சூசையப்பர் தலையில் ஒளிவட்டம் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.

வாஷர் இல்லாமலே மூடிவிட்டார்கள்! ஐந்து பேர் சாகப்போகிறார்கள், கொலைகாரி நான். அன்றிலிருந்து, கார் கிளம்பும்போதெல்லாம் குடில் முன் முட்டி போட்டேன். பெங்களூர் போன வண்டி திரும்பும்வரை சோறு இறங்கவில்லை. அந்தப் பெரியவர் கண்ணில் கட்டோடு முழுசாக வந்து இறங்கினார். ஓசூர், காவேரிப்பட்டினம், மறுபடி பெங்களூர் என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் டயர் பஞ்சரானதற்கும் நானே பொறுப்பேற்று மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிட ஒவ்வொரு காலையும் அத்தையிடம் போவேன். "என்னா பாப்பா?" என்று அத்தை நின்று கேட்பார். "ஒண்ணுமில்ல அத்த" என்று வந்துவிடுவேன்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்த அன்று, வாஷரை மாமாவின் சாமான் பெட்டியில் போட்டுவிடலாம் என்று சூசையப்பர் தலையிலிருந்து உரித்தேன். மருந்துக் குப்பி மூடியின் அலுமினியத் தகடுபோல் லேசாக இருந்தது. இரு விரலால் அழுத்தியதும் வளைந்துகொடுத்தது. பின்பக்கம் நாக்கே இல்லை.

எனக்குப் புல்லரித்தது. சூசையப்பர் தச்சர் அல்லவா, என் ஜெபத்தைக் கேட்டு அசலைக் கொண்டுபோய் இன்ஜினில் மாட்டிவிட்டு, தமக்கு வேறொன்றைச் செய்துகொண்டிருக்கிறார்! வளையத்தை மூக்கருகே கொண்டுபோனேன். ஊசி மருந்து வாசனை. டூட்டி முடிந்து வரும்போது அத்தையின் சேலையில் அடிக்குமே, அதே வாசனை. சூசையப்பருக்கும் அதே வாசனைதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.