சொந்த ஊருக்கு ஒரு துளை

அந்தத் துளையைப் போட்டவள் நான்தான். என்னை ஏமாற்றியவரைப் பற்றி எழுதும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் மட்டும் பெரிய யோக்கியை போலாகிவிடும்.

எழுபதுகளின் நடுவில், மூணாறு மலைப் பக்கம், வீடில்லாதவர்களுக்கு மனை கொடுக்கத் தற்காலிகமாக ஒரு கேரள அரசு அலுவலகம் திறந்திருந்தார்கள். நான் அங்கே குமாஸ்தா. சின்னக்கானல் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவேன். அப்பாவுக்குத் தோட்ட வேலை முடிய ஒரு வருஷம்தான் பாக்கி. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அவரும் ஒரு மனைக்கு மனு போட்டிருந்தார்.

மனுக்கள் எல்லாம் தடித்தடிப் பேரேடுகளில் இருந்தன. திடீரென்று மேலிடத்திலிருந்து கடிதம் வரும்: விதவைகள் எத்தனை பேர், மாடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர். நாங்கள் ஐந்து பேர் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணுவோம். எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பதில் போவதற்குள் அவர்கள் வேறு கேள்வி கேட்டிருப்பார்கள். எனக்கு எரிச்சல் தாங்காது.

ஒரு நாள் கோப்பு ஒன்றைத் தூக்கினேன். துளை கிழிந்த தாள்கள் மட்டும் கயிற்றில் நிற்காமல் உதிர்ந்தன. அன்றைக்கே யோசனை வந்துவிட்டது. ஒரு மனுவுக்கு ஓர் அட்டை. மேல் விளிம்பில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு. விதவையென்றால் அந்தத் துளையைக் கத்தரியால் விளிம்புவரை வெட்டிவிடுவேன். அட்டைக் கட்டில் அந்தத் துளை வழியே ஸ்வெட்டர் பின்னும் ஊசியைக் கோர்த்துத் தூக்கினால், வெட்டியவை மட்டும் கீழே விழும். விழுந்ததை எண்ணினால் போதும். மூன்று வாரத்து வேலை அரை நாளில் முடிந்தது. மற்ற நாலு பேரும் என்னை மந்திரவாதி என்று கேலி செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். மலையாளம் கலந்த தமிழில் என்னோடு பேசுவார், வேலையை மெச்சுவார். ஒரு நாள் இன்னொரு துளை வேண்டும் என்றார். மனுவில் சொந்த ஊர் வேறு மாநிலம் என்று இருந்தால் வெட்ட வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்ல ஒரு கட்டம் நிரப்ப வேண்டி மட்டும். வேற ஒண்ணுக்கும் இல்ல, கேட்டோ," என்றார்.

நம்பினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து வெட்டினேன்.

எங்கள் ஜனங்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், குலசாமி கோயில் இருக்கும் ஊரைத்தான் சொல்வார்கள். அப்பா பிறந்தது இதே தோட்டத்து லயத்தில். திருநெல்வேலிப் பக்கத்து அந்த ஊருக்குக் காதுகுத்துக்கு ஒரு தடவை, கோயில் கொடைக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். அவ்வளவுதான். ஆனாலும் மனுவில் அந்த ஊரைத்தான் எழுதச் சொன்னார். தோட்டம் கம்பெனிக்காரனுடையது, அதைப் போய்ச் சொந்த ஊர் என்று யார் சொல்வார்கள்? லயத்தில் எல்லோரும் அப்படியே. எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்தவளும் நான்தான்; அப்பாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவின் அட்டையை வெட்டும்போது என் கை கொஞ்சமும் தயங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அதிகாரியே ஊசியை வாங்கி அந்தத் துளையில் கோர்த்துத் தூக்கினார். மேஜை முழுக்க அட்டைகள் விழுந்தன. விழுந்தவற்றைக் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஊசியில் நின்றவற்றை வைத்து மனைப் பட்டியலைத் தட்டச்சு செய்யச் சொன்னார். மத்தியானத் தபாலில் பட்டியல் போய்விட்டது.

மறுநாள் கோப்பைப் புரட்டியபோது அவர் கைப்பட எழுதிய குறிப்பைப் பார்த்தேன். மனைகள் போதாது, சொந்த ஊர் வெளியே உள்ளவர்களைத் தள்ளிப் பட்டியலைச் சுருக்கலாம் என்று இருந்தது. கீழே இருந்த தேதி, அவர் என்னிடம் துளை கேட்டதற்குப் பத்து நாள் முந்தையது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சிரித்த முகத்தோடு என் கழுத்தை அறுத்திருக்கிறார். நேரே போய்க் கேட்டேன். இவர்கள் எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள், சார், என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊர் பேரு அவங்க சொன்னதல்லே? எழுதினது நீயல்லே?"

பழைய பேரேடாக இருந்திருந்தால் ஒவ்வொரு பெயராகப் பிரித்தெழுதி அந்தப் பட்டியல் தயாராக மூன்று மாதம் ஆகியிருக்கும். அதற்குள் யாருக்காவது விஷயம் தெரிந்திருக்கும், தொழிற்சங்கக்காரர்கள் வந்து மேஜையைத் தட்டியிருப்பார்கள். நான் அவருக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துளை போட்டதையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"வெட்டுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா. நான் பொறந்த எடத்தச் சொல்லியிருப்பேனே," என்றார்.

அடுத்த வருஷம் கடைவீதியில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் குடிபோனோம். அப்பாவுக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து எப்போதாவது கடிதம் வரும். லயத்தில் இருந்தவரை நான்தான் படித்துக் காட்டுவேன். இப்போது நான் வீட்டில் இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவார். கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார்.