மணவறை ஏறாத வெட்ஜ் ஹீல்

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண் அறைக்குள் இருந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். காரணம், நான் விற்ற சப்பாத்து.

கொழும்புக் காலி வீதிச் சப்பாத்துக் கடையொன்றில் நான் சேல்ஸில் நின்ற காலம் அது. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளைகள் கொழும்புக்கு வந்துதான் தாலி கட்டினார்கள். அந்தச் சித்திரை வெயிலோடு, குதிமுதல் நுனிவரை ஒரே கட்டையாக அடி வைத்த வெட்ஜ் ஹீல் திரும்பி வந்தது. என் அம்மா குமரியாக இருந்தபோது போட்ட மொடல்! ஷோகேஸ் முழுக்க அதுதான். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"ஃபெஷன் எண்டது நூறாம் நம்பர் பஸ் மாதிரி பிள்ளை. போனால் திரும்பி வரத்தான் வேணும்" என்பார்.

அந்த மணப்பெண் சுகந்தி ஒரு நாள் தாயோடு வந்தாள். மாப்பிள்ளை கனடா. அவளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

"அவர் நல்ல உயரமாம் பிள்ளை" என்றார் தாய். "இவள் கட்டை எண்டு தெரிஞ்சால் வேண்டாமெண்டு போயிடுவினம். உயரமா ஒண்டு காட்டும்."

பென்சில் ஹீலைப் போட்டுப் பார்த்தவள் தடக்கி என் மேலேயே விழுந்தாள்.

"இதப் போடுங்க தங்கச்சி. அடி முழுக்க நிலத்தில படும், விழமாட்டீங்க. சாறிக் கரை மூடிடும், ஒருத்தருக்கும் தெரியாது" என்று வெட்ஜை மாட்டிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மாப்பிள்ளை வந்திறங்கினார். பம்பலப்பிட்டியில் ஓர் ஐஸ்கிறீம் கடையில் சந்தித்தார்கள். அடுத்த நாளே சுகந்தி கடைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அவற்ற காது மட்டும் உயரம் வந்திட்டன்! நீங்கள் கட்டாயம் கலியாணத்துக்கு வரோணும்."

போனேன். நேரே மணப்பெண் அறைக்குக் கூப்பிட்டார்கள். மை கரைய அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, மணவறையில சப்பாத்துப் போடேலாதே! பக்கத்தில நிண்டால் நெஞ்சுக்குத்தான் வருவன். சபையே சிரிக்கும்."

ஐயோ மாதாவே! நான் கொட்டாஞ்சேனை வேதக்காரி. எங்கள் பெண்கள் சப்பாத்தோடுதான் சேர்ச் பீடத்துக்குப் போவார்கள். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கல்யாணப் பதற்றத்தில் தாய்க்கும் வரவில்லை.

வாசலில் மேளம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே ஓடினேன். அவர் காலைக் கழுவச் சுகந்தியின் தம்பி செம்போடு நின்றார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். கழற்றியதுதான் தாமதம், ஆள் நாலு விரல் இறங்கிவிட்டார்!

செருப்பைப் பார்த்தேன். செங்கல் தடிப்பில் அடி. இத்தனை நேரமும் வேட்டிக் கரை மூடியிருந்தது. என் வெட்ஜின் உயரமேதான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

"அழுறத நிப்பாட்டுங்க சுகந்தி. வந்து அவர் கழட்டின செருப்பப் பாருங்க. அவரும் எங்கட கடைக்கு வரவேண்டிய ஆள்தான்!"

மணவறையில் வெறுங்காலோடு நின்றார்கள். அவள் சரியாக அவர் காது மட்டும். அவர் அவள் காலைப் பார்த்தார். அவள் அவர் காலைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு முழித்தார்.

அன்றிலிருந்து கால் அளவு எடுக்கமுதல், "எங்க போடப் போறீங்க?" என்று கேட்கப் பழகினேன். சப்பாத்துக் கடையில் நிற்கும் பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள்.

அடுத்த கிழமை இருவரும் கைகோத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். முதலாளி ஆசையோடு புது வெட்ஜை எடுத்து நீட்டினார். சுகந்தி தலையாட்டினாள்.

"வேண்டாம் அண்ணை. ரெண்டு பேருக்கும் தட்டைச் செருப்பு காட்டுங்கோ."