கிழங்கு அவியாத மலை

எங்கள் சித்தப்பா ஒரு நாளும் பொய் சொன்னவரில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லுவேன். இப்போது முழங்கால் இரண்டும் நோக, ஜன்னலோரம் இருந்து ஸ்நோ கொட்டுவதைப் பார்க்கிறபோது அந்த ஒரு நாள் கட்டாயம் நினைவுக்கு வரும். வந்தால் சிரிப்பும் வரும்.

எண்பத்தேழாம் ஆண்டு என்று நினைக்கிறேன். ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம், ஒரு உயரமான கட்டிடத்தில் ஏழாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு வேலை தூரத்தில், மிசிசாகாவில். இருட்டோடு போய் இருட்டோடு வருவார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊரில் பள்ளிக்கூடம் திறந்த நாளை விடப் பூட்டின நாள்தான் கூட. இங்கே வந்தால் எல்லாம் இங்கிலிஷ். எழுத்து என்னோடு ஒட்டவேயில்லை. இன்றைக்கும் பெரிதாக ஒட்டவில்லை. அதற்காக நான் ஒருவருக்கு முன்னாலும் தலை குனிந்து நின்றதுமில்லை.

அந்தக் கோடையில்தான் அப்பாவின் தம்பி சுவிஸில் இருந்து வந்து சேர்ந்தார். அங்கே உயரமான ஒரு மலையில், வெள்ளைக்காரர் ஸ்கீ விளையாட வருகிற ஊரில், மூன்று நாலு வருசம் இருந்தவர். கொண்டு வந்தது ஒரு சூட்கேசும், அதற்குள் மடித்து வைத்த ஒரு படமும். படத்தை விரித்துக் குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார். பெரிய வெள்ளை மலை. அதன் மேல் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கோடுகள் வளைந்து வளைந்து இறங்கின.

நீலக் கோடு பழகுகிறவர்கள் சறுக்குகிற பாதை. சிவப்பு, கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு. கறுப்பு, உயிரில் ஆசை இல்லாதவர்களுக்கு. நேராக ஏறுகிற மெல்லிய கோடெல்லாம் லிஃப்ட். எழுத்து ஏறாத என் தலையில் அந்த நிறங்கள் அப்படியே ஏறி இருந்துவிட்டன. அடிவாரத்தில் இருந்து கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி. பாதியில் இறங்கினால், இருந்தபடி போகிற கதிரை லிஃப்ட். அதற்கும் மேலே, மரமே முளைக்காத இடத்தில், கொழுக்கி லிஃப்ட். கொழுக்கியைப் பின்பக்கம் கொடுத்து நின்றால் அது ஆளை இழுத்துக்கொண்டு போகும். உச்சியில் ஆடி மாதத்திலும் உருகாத பனி. கண்ணை மூடிக்கொண்டு அந்த மலையில் எங்கே ஏறி எங்கே இறங்கலாம் என்று கேட்டாலும் சொல்லுவேன்.

“நீங்கள் எதில ஏறுறனீங்கள் சித்தப்பா?”

“எனக்கெண்டு தனிப் பெட்டி, பிள்ளை. விடிய, மற்ற ஆக்கள் வரமுதல் நான் மேல போயிடுவன். பின்னேரம் கடைசி ஆளும் இறங்கினாப் பிறகுதான் நான் இறங்குறது.”

பாருங்கோ, இதில் ஒரு சொல்லாவது பொய்யா?

அம்மா அடுப்படியில் நின்று கேட்டா: “அவ்வளவு உசரத்தில சாப்பாட்டுக்கு என்ன வழி தம்பி?”

“சாப்பாட்டுக்குக் குறைவில்லை அண்ணி. ஆனால் அந்த உசரத்தில கிழங்கு லேசில அவியாது. தண்ணி வைச்ச கையோட கெதியாக் கொதிக்கும். கிழங்கு மட்டும் கல்லு மாதிரிக் கிடக்கும்.”

அம்மா அகப்பையைப் பிடித்தபடி அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. பிறகு கறியைக் கிண்டத் தொடங்கிவிட்டா.

தனிப் பெட்டியில் போய் வந்த சித்தப்பா எனக்கிருக்கிறார் என்று கட்டிடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு பெடியன் இருந்தான், என் வகுப்புத்தான். எனக்கு இரண்டு வருசம் முந்தி வந்தவன், இங்கிலிஷ் தண்ணி மாதிரிப் பேசுவான். “உன்ர சித்தப்பா ஸ்கீயோ? சும்மா அவிட்டுவிடாதையடி புளுகி,” என்றான். அன்றையில் இருந்து பள்ளிக்கூட பஸ்ஸில் என் பெயர் புளுகி. ஏறும்போதும் புளுகி, இறங்கும்போதும் புளுகி. தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட அதைப் பழகிவிட்டார்கள்.

தை மாதம் வந்தது. எங்கள் வகுப்பை ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மலைக்கு ஸ்கீ பழகக் கூட்டிக்கொண்டு போவதாக ரீச்சர் சொன்னா. துணைக்கு வீட்டில் இருந்து பெரிய ஆள் ஒருவர் வந்தால் நல்லதாம். நான் கையை உயர்த்திவிட்டேன். அங்கிள், சுவிஸ், மலை, முதலில் ஏறுவார், கடைசியாக இறங்குவார். தெரிந்த இங்கிலிஷ் பாதி, கை பாதியாகச் சொல்லி முடிக்க ரீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டா. மூன்றாம் மாடிப் பெடியன் கதிரையில் திரும்பி இருந்து என்னைப் பார்த்தான்.

வீட்டில் அப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“போடா. போய் உந்த வெள்ளைக்காரருக்கு ஒருக்கால் காட்டிப்போட்டு வா.”

“அண்ணை, அங்கத்தை மலை வேற...”

“மலை எல்லாம் மலைதான். வேலைப் பெர்மிட்டும் வரேல்ல, பகல் முழுக்க வீட்டில சும்மாதானே இருக்கிறாய்.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். “நீங்கள் வராட்டி எனக்குச் சாகும் வரைக்கும் புளுகி எண்டுதான் பேர்,” என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி பிள்ளை, வாறன். மேல போய் வாறதுக்கு என்ன,” என்றார்.

பஸ் நகரத்தைத் தாண்டி வடக்கே ஓடியது. இரண்டு பக்கமும் வெள்ளை. நான் ஜன்னலில் மூக்கை வைத்து மலையைத் தேடிக்கொண்டே போனேன். இறங்கிப் பார்த்தால் உச்சி வரைக்கும் மரம் நிற்கிற ஒரு மேடு. “இதுவோ மலை?” என்றேன். ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது. காலில் மாட்டிய சப்பாத்து ஒவ்வொன்றும் அம்மிக்கல் பாரம். அதன் கீழே நீளமாக இரண்டு பலகை. ஒரு காலைத் தூக்கினால் மற்றக் கால் தன்பாட்டில் போகும். நான் விழுந்தேன், சிரித்தேன், எழும்பினேன், திரும்ப விழுந்தேன். பழகுகிறவர்களுக்கு அடிவாரத்தில் ஒரு சின்னச் சரிவு. எல்லாரையும் ரீச்சர் அங்கேதான் விட்டா.

“என்ன புளுகி, உன்ர சித்தப்பா குழந்தைப் பிள்ளையளோட நிக்கிறார்? உச்சிக்குப் போகச் சொல்லு பாப்பம்,” என்றான் அந்தப் பெடியன்.

சித்தப்பா அதைக் காதில் வாங்கினாரோ தெரியாது. அவருடைய கண் அப்பால் போய்க்கொண்டிருந்த கதிரை லிஃப்டில் இருந்தது. முகமெல்லாம் வெளிச்சம். “வா பிள்ளை, கதிரையில ஏறுவம்!” சுவிஸ் மனிதர் கூடப் போகிறார் என்று ரீச்சரும் சந்தோசமாகத் தலையாட்டினா.

பின்னால் வந்த கதிரை முழங்காலில் தட்டி எங்கள் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போனது. ஐயோ, அந்தச் சந்தோசத்தை நான் எப்படிச் சொல்லுவேன்! காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மரங்களின் தலையெல்லாம் எங்களுக்குக் கீழே. கீழே வகுப்புப் பிள்ளைகள் எறும்பு மாதிரி. என்னை விட அவருக்குத்தான் குதூகலம். “காலை ஆட்டு பிள்ளை, காலை ஆட்டு!” என்று சின்னப் பெடியன் மாதிரிக் கூச்சல் போட்டார். “இண்டைக்குத்தான் நான் இப்பிடி வெளியில இருந்து போறன்!” தனிப் பெட்டிக்குக் கதவு இருக்கும்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் இறங்கத் தெரியாமல் இரண்டு பேரும் ஒருவருக்கு மேல் ஒருவர் குவியலாக விழுந்தோம். லிஃப்ட் பார்க்கிற மனிதர் ஓடி வந்து எங்களை இழுத்து விட்டார். சித்தப்பா ஸ்நோவைத் தட்டிவிட்டு, பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்தார். நேரே லிஃப்ட் திரும்பிக் கீழே போகிற பக்கம் போய், வெறும் கதிரையில் ஏற நின்றார். லிஃப்ட் மனிதர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். கீழே போக இதில் ஏற முடியாதாம். ஏறி வந்தவர்கள் சறுக்கித்தான் இறங்க வேணுமாம்.

“அங்க பெட்டி கீழயும் கொண்டுபோகும் பிள்ளை,” என்றார் சித்தப்பா மெதுவாக. “நான் எப்பவும் அதிலதான் இறங்குறனான்.”

நான் அதைக் கவனிக்கவில்லை. சரிவின் விளிம்பில் நட்டிருந்த கறுப்பு அடையாளப் பலகையை அல்லவா கண்டுவிட்டேன்.

“சித்தப்பா, கறுப்பு! உங்கட கோடு! வாங்கோ, அவங்கள் எல்லாரும் கீழ பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்!”

அவர் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தார். என் கையைப் பிடித்தார். கையுறைக்கு மேலாலும் அந்தப் பிடி இறுகினது தெரிந்தது.

அப்போது பின்னால் ஒரு சத்தம். உச்சியில் ஒரு சின்னக் கொட்டில் இருந்தது. சூப்பும் கோப்பியும் விற்கிற இடம். அதன் வாசலில் ஒரு வயதான மனுசி பெரிய சாக்கு ஒன்றை இழுக்க மாட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தா. சாக்கு வெடித்து உருளைக்கிழங்கு ஸ்நோவுக்குள் உருண்டது. சித்தப்பா என் கையை விட்டுவிட்டு ஓடினார். உருண்டதைப் பொறுக்கிப் போட்டு, சாக்கை ஒரே தூக்கில் தோளில் ஏற்றி, குதிக்காலால் கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போனார். குசினி எந்தப் பக்கம் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

மனுசி இத்தாலிக்காரி. சித்தப்பா அவவோடு சுவிஸில் பழகின அந்தப் பாசையில் நாலு சொல் பேச, அவ இரண்டு கையையும் தட்டிச் சிரித்தா. எனக்கு ஒரு கோப்பை சூடான சொக்கிலேற். சித்தப்பா ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்துகொண்டு கிழங்கு சீவத் தொடங்கினார். தோல் அறாமல் நாடா மாதிரி விழுந்தது. இடையில் எழும்பி அடுப்பில் இருந்த பானையைத் திறந்து, ஒரு கிழங்கை முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு தூரத்திலும் சித்தப்பா ஆரென்று கண்டுபிடித்து உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டார்களே!

சாக்குப் பாதியானதும் மனுசி அகப்பையோடு வெளியே போனா. லிஃப்ட் மனிதரின் மூக்குக்கு நேரே அதை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னா. அவர் தலையைச் சொறிந்தார். பிறகு லிஃப்டை நிறுத்தினார். முழு லிஃப்டையும்! ஏறி வந்தவர்கள் எல்லாரும் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு நிற்க, எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி, சட்டத்தை இறக்கிப் பூட்டி, கீழே அனுப்பினார்.

எதிரே வந்த கதிரைகளில் எல்லாம் ஆட்கள். அவ்வளவு பேரும் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தார்கள். நான் தேரில் போகிற மாதாவைப் போல நிமிர்ந்து இருந்து ஒருவர் விடாமல் கையை ஆட்டிக்கொண்டு வந்தேன். சித்தப்பா தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். குளிராக்கும் என்று நினைத்தேன்.

அடிவாரத்தில் வகுப்பு முழுக்கக் கூடி நின்றது.

“என்னடி, உன்ர சித்தப்பா சறுக்கி வரேல்ல?” என்றான் மூன்றாம் மாடிப் பெடியன்.

“அவருக்கு லிஃப்டை நிப்பாட்டி ஏத்தி விட்டவையடா! உனக்கு நிப்பாட்டுவினமோ?”

எல்லாரும் கண்ணால் கண்டதுதானே. அன்றோடு புளுகி என்ற பெயர் அந்த மலையிலேயே கிடந்துவிட்டது.

இரவு சாப்பிட இருந்தபோது நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்கு, இத்தாலிக்காரி, அகப்பை, தேர், ஒன்றும் விடவில்லை. “அந்த மலை சித்தப்பாவுக்குக் காணாது, ஆகச் சின்னன், அதுதான் அவர் சறுக்கேல்ல,” என்று முடித்தேன். அப்பா வயிறு குலுங்கச் சிரித்து, “எப்பிடியடா எங்கட கனடா மலை?” என்று கேட்டார்.

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “பரவாயில்லை அண்ணை,” என்றார். “கிழங்கு கெதியா அவியுது.”

அப்பா இன்னும் பெரிதாகச் சிரித்தார். நானும்தான். மலை தெரிந்தவர்கள் மலையை அப்படித்தான் அளப்பார்களாக்கும், நாளைக்கு இதையும் வகுப்பில் சொல்ல வேணும் என்று மனதில் குறித்து வைத்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சட்டியில் இருந்த மீனின் தலைத்துண்டை எடுத்துச் சித்தப்பாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தா. எனக்குக் கோபம் வந்தது. தலைத்துண்டு எப்போதும் எனக்குத்தானே.