டவரைத் தேடிய படகு

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இவற்றில் ஏதாவது நடந்துகொண்டிருக்கலாம்.

1. அண்ணன் ஜெரால்டு தட்டைப் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினான்.
2. வலது கட்டைவிரல் வலிக்கிறது என்றான். சுக்கான் பிடிக்கிற கை என்று அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள்.
3. அவன் ஓட்டும் எங்கள் விசைப்படகில் மீன்பாடு குறைந்தது. பக்கத்துப் படகுகளுக்குக் குறையவில்லை.
4. காசு வைத்து ஆடும் ரம்மியை அவன் கைப்பேசியில் பார்த்தேன். நானே அழித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.
5. படகு பாரில் தட்டியது.

பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. அது எங்கே இருக்கிறது என்று எங்கள் ஊரான தருவைகுளத்தில் படகு ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அன்று பகல், கடலும் அமைதி. யாருக்கும் அடிபடவில்லை, அடிப்பலகை பிளந்தது.

அவன் தங்கையான எனக்கு, படகுகளின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் பழுதுபார்ப்பது வேலை. கருவியில்தான் கோளாறு என்று கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் படகில் வலை இழுக்கும் செல்வம் வந்து நின்றார்.

"அத ஏம்ளா கழத்துத? மிஷினு நல்லாத்தான் இருக்கு."

"பொறவு எப்படி தட்டுச்சு?"

"ஒங்கண்ணன் மீனத் தேடலளா. டவரத் தேடுதான். சிக்னல் கொறஞ்சா படகக் கரைப்பக்கம் திருப்பிருதான். மீனு என்ன, டவருக்கு அடியிலயா மேயுது?"

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னோமே! 'ஏலே, பேசாம பஸ் ஸ்டாண்டுல போயி வலையப் போடு'ன்னோம். சிரிச்சான். நாங்களும் சிரிச்சிட்டோம்."

அந்தப் படகின் பங்கில் சாப்பிடுவது எங்கள் வீடு மட்டும் அல்ல. வலை இழுப்பவர்கள் குனிந்து வேலை செய்யும்போது, அவர்கள் உயிரும் ஓட்டுபவன் கையில்தான்.

நான் அழித்த ரம்மியை அவன் மறுபடியும் ஏற்றி ஆடிக்கொண்டிருந்தான். மனநல மருத்துவரிடம் போனோம். "கடலுக்குப் போனா எல்லாம் மறந்துருவேன் டாக்டர்" என்றான் அண்ணன்.

"நீங்கதான் டவருக்காகக் கடலையே கரைக்குக் கொண்டுவந்துட்டீங்களே" என்றார் அவர்.

அண்ணன் தலைகுனிந்தான். அன்றுதான் அவன் அழுது பார்த்தேன்.

சூதாட்ட நோய் (விட நினைத்தும் விடமுடியாத நிலை) என்று பெயர் சொன்னார். இழப்பைத் துரத்துதல் (போனதை மீட்பதற்காகவே மீண்டும் ஆடுவது) அதன் முக்கிய அறிகுறி. என்னிடம், "ஆப்பை நீங்க அழிச்சீங்க. அழிக்கவேண்டியது அவரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. சட்டம் இந்த ஆட்டங்களைத் தடுத்த பிறகும் வேறு வேறு பெயர்களில் ஆடச்சொல்லி அழைப்பு வந்துகொண்டேயிருந்தது. அத்தனையையும் நான் அழித்துத் தீராது.

வாரந்தோறும் ஆலோசனை. கையில் பட்டன் போன். வரவுசெலவு மயினியிடம், அதாவது அண்ணன் மனைவியிடம். விலகல் அறிகுறிகள் (பழக்கம் நின்றதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை) எங்களை உலுக்கின. உப்பு கூடிவிட்டது என்று சோற்றைத் தள்ளினான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில், யாருடைய கைப்பேசியையோ வாங்கி மறுபடியும் ஆடினான். எங்களுக்குத் தெரிந்திருக்காது. அவனே வந்து மயினியிடம் சொன்னான்.

மயினி வீட்டுச் சாவியைக் கையில் எடுத்தாள். பிறகு, "வாயத் தொறந்து சொல்லிட்டியள்லா. எந்திரிச்சு வாங்க, டாக்டர்ட்ட போவோம்" என்றாள்.

இது பின்னடைவு (குணமாகும் வழியில் வரும் சறுக்கல்), சிகிச்சை தோற்றுவிடவில்லை என்றார் மருத்துவர். ஒளிக்காமல் சொன்னதைத்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

தடை முடிந்து, அடிப்பலகை மாற்றிய படகு இறங்கிய அன்று அண்ணனைச் செல்வம் கூப்பிட்டார்: "ஏலே, வந்து சுக்கானப் பிடி."

"நீயே பிடிலே. நான் வலைக்கு நிக்கேன்."

"மொதலாளி வலை இழுக்கானாம். ஊரு சிரிக்கும்லே."

"சிரிக்கட்டும்."

கரைக்கு வந்ததும் என்னிடம் சொன்னான்: "வலையப் போட்டுட்டு இழுக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும்லா, அதாம்ளா பெரும்பாடு. நேரம் நவுரவே மாட்டேங்கு."

எனக்கும் அப்படித்தான். என்றைக்குக் குணமாகும் என்று மருத்துவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போதைய நிலை இது. அண்ணன் ஆடுவதில்லை. ஆசை போய்விட்டதா என்றால் இல்லை என்கிறான். கயிறு இழுத்து அவன் உள்ளங்கைகள் காய்த்திருக்கின்றன. படகைச் செல்வம் ஓட்டுகிறார். சுக்கானை அவன் இன்னும் கேட்கவில்லை. செல்வம் அன்று கூப்பிட்டதோடு சரி, நாங்களும் இன்னும் கொடுக்கவில்லை.