ஆறேழ் நாற்பத்திரண்டு

சங்கக்கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசியில்தான் அந்தப் பெண்ணை முதலில் கண்டேன். ஒரு வெள்ளை மலை. அதன் சரிவில் ஒருத்தி, காற்சட்டை போட்டு, முழங்காலை மடக்கி, இரண்டு கையிலும் தடி பிடித்தபடி, பாதங்களில் பூட்டிய நீளப் பலகைகளில் வழுக்கிக்கொண்டு வருகிறாள். நெஞ்சிலே ஏழு என்று இலக்கம். பக்கத்தில் ஒரு கொடி சரிந்து நிற்கிறது. சீனியைப் பேணியில் கொட்டி, கடதாசியை ஒரு தரம் நக்கிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்கு ஓடினேன்.

பக்கத்து வளவுக்காரி என்னைவிட ஒரு வயது மூத்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்குக் காணி கிடைத்து வந்த குடும்பங்கள் எங்களுடையவை. இரண்டு வீட்டுக்கும் பின்னால் குளக்கட்டுத்தான்.

"இது உப்பு மலையடி," என்றேன். "ஆனையிறவிலை குவிச்சு வைச்சிருக்கிறாங்களெல்லே, அதுதான். ரெயிலிலை வரேக்கை நான் கண்டனான்."

"உப்பிலை ஆராவது சறுக்குவினமே? விழுந்தால் முழங்கால் எரியும்."

"அதுக்குத்தானே காற்சட்டை!"

இந்த விளக்கம் இரண்டு பேருக்கும் முழுத் திருப்தியாக இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தா. அது பனியாம். எங்களுக்குத் தெரியாத பனியா? மார்கழிப் பனியில் தடிமன் பிடிக்குமே தவிர, மலை எப்படி எழும்பும்? ரீச்சருக்குப் பாவம், ஆனையிறவு தெரியாது என்று முடிவு செய்துகொண்டோம்.

ஆனால் படத்தின் கீழே இருந்த இங்கிலீசை அவா வாசித்துச் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. "இது பொம்பிளையளின்ரை போட்டி. ஒவ்வொருத்தியாத்தான் இறங்குவினம். கொடியளைச் சுத்தி வளைஞ்சு வரவேணும். ஆர் கெதியா வாறாவோ அவாதான் வெண்டவா."

"பக்கத்திலை ஒருத்தியும் இல்லாமல் ஆரோடை ரீச்சர் ஓடுறது?"

"மணிக்கூட்டோடை."

மணிக்கூட்டுக்கு நாங்கள் எங்கே போவது? வாய்ப்பாடு இருந்தது. படத்துப் பெண்ணின் நெஞ்சில் ஏழு இருந்தபடியால் ஏழாம் வாய்ப்பாடு. பூவரசந் தடிகளில் பழைய சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டி, குளக்கட்டின் சரிவில் ஐந்து கொடி நட்டோம். தண்ணீரூற்று ஊரிலிருந்து மாமா வரும்போது கமுகம் மட்டை கொண்டுவருவார். அதுதான் எங்கள் பலகை. பங்குனி வெயிலில் புல் காய்ந்து, தொட்டால் வழுக்கும். ஒருத்தி மட்டையில் குந்தி, கொடிகளை வளைத்துக் கீழே வருவாள். மற்ற அயல் பெட்டைகள் அடியில் நின்று கோரசாகச் சொல்வார்கள்: ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு. நிலத்தில் கால் படும்போது எதைச் சொல்கிறார்களோ அதுதான் நேரம்.

அவளுடைய நேரம் ஆறேழ் நாற்பத்திரண்டு. என்னுடையது ஏழேழ் நாற்பத்தொன்பது. மட்டைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன். சாப்பிடாமல் இறங்கிப் பார்த்தேன். எத்தனை தரம் இறங்கினாலும் அந்த ஏழேழ் என்னைப் பிடித்த சனியன் போல விடவில்லை. "சட்டையெல்லாம் கிழிச்சுக்கொண்டு வாறாய், நீயும் ஒரு பொம்பிளைப் பிள்ளையே?" என்று அம்மா ஏசுவா. எனக்கு ஒன்றும் காதில் ஏறாது.

சொல்லுகிறவர்களில்தான் பிழை என்று கண்டுபிடித்தேன். அவளை எல்லோருக்கும் பிடிக்கும். அவள் இறங்கும்போது 'மூஊஊவேழ்' என்று இழுப்பார்கள். நான் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரோடும் சண்டை பிடித்தவள். என் வாய் அப்படி. நான் இறங்கினால் வாய்ப்பாடு மெயில் வண்டி மாதிரி ஓடும்.

"உங்கடை வாய்ப்பாடு கள்ள வாய்ப்பாடு!" என்று ஒருநாள் கட்டடியில் நின்று கத்தினேன்.

அவள்தான் எழும்பி வந்தாள். "எடி, கத்தாதை. நான் சொல்லுறன். ஆருக்கும் இழுக்கவும் மாட்டன், ஓட்டவும் மாட்டன்."

முதலில் தன் கணக்கையே திருத்த வேண்டும் என்று, தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். ஒரே சீராய், நெல் அளக்கிறவர் சொல்லுகிற மாதிரி. ஆறேழ். பிறகு எனக்குச் சொன்னாள், அதே சீரில். ஏழேழ். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாராவது கள்ளம் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வாற சனிக்கிழமை கடைசிப் போட்டி என்று பேசிக்கொண்டோம். வியாழக்கிழமை அவள் பெரியபிள்ளை ஆகிவிட்டாள்.

அம்மா சந்தோசமாக உழுந்து வறுத்துக்கொண்டே இதைச் சொன்னா. எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, பொல்லாத கோபம் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டு அறைக்குள் போய் இருந்துவிட்டாளே! தண்ணீர் வார்த்த பிறகும் அவளைக் கட்டுப் பக்கம் விடமாட்டார்கள். இனி அந்த ஆறேழ் அப்படியே நிற்கும். "அடுத்தது நீதான்," என்று அம்மா வேறு என்னை மேலும் கீழும் பார்த்தா. அன்று முதல் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கிணற்றடிக்கும் கட்டுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை அவளுடைய அறையின் யன்னலடிக்குப் போனேன். உள்ளேயிருந்து பார்க்க முடியாதபடி சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எடி, இருக்கிறியே?"

"வேறை எங்கை போறது? களி தின்னுறன். வேணுமே?"

"நான் இப்ப இறங்கப்போறன். நீதான் எண்ணவேணும்."

"எனக்கு இஞ்சையிருந்து ஒண்டும் தெரியாதே."

"மேலை நிண்டு 'விட்டன்' எண்டு கத்துவன். கீழை வந்து 'வந்திட்டன்' எண்டு கத்துவன். அதுக்கிடையிலை சொல்லு."

"சரி. ஆனால் கால் நிலத்திலை பட்டாப்பிறகுதான் கத்தவேணும்."

"ஓமடி!"

குளக்கட்டில் ஒருவரும் இல்லை. எல்லாப் பெண்களும் அவள் வீட்டு முற்றத்தில் பலகாரத்துக்குக் காத்து நின்றார்கள். மட்டையைப் போட்டேன். "விட்டன்!" முதலாம் கொடி, இரண்டாம் கொடி, மூன்றாம் கொடி. அப்படி ஒரு வேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நாலாவதில் குதியை ஊன்றித் திரும்பும்போது மட்டை பிளந்தது. அரைவாசி மட்டையோடு இழுபட்டுக் கடைசிக் கொடிக்கு வந்தேன். இன்னும் மூன்று ஆள் நீளம் சரிவு கிடக்கிறது. இதுவும் ஏழேழ்தான் என்று தெரிந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது. "வந்திட்டன்!"

பிறகுதான் உருண்டு கீழே வந்து விழுந்தேன். முழங்காலில் தோல் இல்லை. யன்னலடிக்கு ஓடி மூச்சுவாங்கிக்கொண்டு நின்றேன்.

"என்னெண்டு சொல்லனடி!"

சாக்குக்குப் பின்னால் அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஐயேழ் முப்பத்தைஞ்சு," என்றாள் பிறகு. "வெண்டிட்டாய். என்ரை மட்டை கோழிக்கூட்டுக்கு மேலை கிடக்கு, எடுத்துக்கொண்டு போ. எனக்கு இனி என்னத்துக்கு?"

எடுத்துக்கொண்டு போனேன். வெட்கமில்லாமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என்னை நம்பாதவர்களும், அவள் எண்ணினாள் என்றதும் நம்பினார்கள். அவளுடைய மட்டையில் பிறகு எத்தனையோ தரம் இறங்கினேன். ஆறேழுக்குக்கூட ஒரு தரமும் கிட்ட வரவில்லை.

ஆடியில் என்னையும் அறைக்குள் இருத்தினார்கள். பாய், வேப்பிலை, ஓர் இரும்புத் துண்டு, யன்னலில் அதே மாதிரிச் சாக்கு. பார்க்க ஒன்றுமில்லாவிட்டால் காது என்ன பாடுபடும் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னேரங்களில் சின்னப் பெட்டைகள் குளக்கட்டில் இறங்குவார்கள். உச்சியில் கத்துகிற குரலைக் காற்று கொண்டுபோய்விடும், மெலிசாகக் கேட்கும். அடிக்கு வந்து கத்தினால் குரல் சுவரில் வந்து மோதும். நடுச் சரிவில் கத்தினால் அது வேறு ஒரு மாதிரி. இரண்டே நாளில் ஒவ்வொரு கொடியும் எனக்குக் காதால் தெரிந்தது. அவளுக்கும் அன்றைக்கு இப்படித்தானே கேட்டிருக்கும்?

மூன்றாம் நாள் பின்னேரம் அவள் தன் தாயோடு களி கொண்டு வந்தாள். அரைத் தாவணி கட்டியிருந்தாள். பெரியவர்கள் குசினிப் பக்கம் போக, அவள் என் பாயில் பக்கத்தில் குந்தினாள். கேட்டுவிட வேண்டும் என்று என் நாக்குத் துடித்தது. வாய் திறக்கவில்லை, இவ்வளவு வாய்க்காரிக்கு!

வெளியே குளக்கட்டில் யாரோ ஒருத்தி "ஐயோ" என்று கத்தினாள்.

அவள் யன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கடைசிக் கொடியடியிலை விழுந்திட்டாள்," என்றாள். பிறகு கிண்ணத்தை என் கையில் வைத்தாள். "சாப்பிடு, ஆறப்போகுது."